மூடி உள்ள பெட்டி, மூடி இல்லாத பெட்டி

எங்கள் வீட்டில் அந்த வருஷம் இரண்டு டேப் ரெக்கார்டர்கள் இருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் இரண்டில் எது நல்லது என்று கேட்டார்கள். பாட்டுக் கேட்பதை மனத்தில் வைத்துக் கேட்டார்கள். என் மகளோ அவற்றை வைத்துத் தாளம் செய்துகொண்டிருந்தாள். கை இருந்தவரை வாசித்தாள். அதற்குப் பிறகு செய்தாள். இதைச் சொன்னதும் ஒருவர் விடாமல் "பாவம்" என்றார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை.

அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் பாடகர் குழுவில் தபேலா வாசித்தாள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தபேலாவைக் கோவிலுக்குள் விட்டே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதன் முன்னால் ஒரு பெண்பிள்ளையை உட்காரவிட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த இடத்தை அவள் யாரிடமும் கெஞ்சி வாங்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தவன் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இவள் நேராகப் போய் உட்கார்ந்து வாசித்தாள். எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

வேம்பாரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்தேன். காற்று வரட்டும் என்று அவளை அங்கே மாற்றி உட்காரவைத்தேன். எல்லாரையும் போல அவளும் முழங்கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே வைத்துக்கொண்டாள். எதிரே வந்த உப்பு லாரி உரசிக்கொண்டு போனது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரப் பெட்டியை இழுத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வலது கையை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். தோள் வேலை செய்தது. முழங்கை பாதி மடங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே உயிர் திரும்பவில்லை. விரல்கள் நீட்டியபடியே நின்றுவிட்டன. இன்றும் பேருந்தில் யாராவது ஜன்னலுக்கு வெளியே கையை வைத்தால் நான் எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

கட்டுப் பிரித்த பிறகு குழுவை நடத்தும் பாட்டு வாத்தியார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நல்ல மனிதர்.

"தபேலா போனா என்ன அண்ணாச்சி? பிள்ளைக்குக் குரல் இருக்குல்லா. பாடுதவங்களோட சேந்து நிக்கட்டும்" என்றார்.

"எனக்குப் பாட்டு வராது சார். ஒங்களுக்கே தெரியும்" என்றாள் மகள்.

வாத்தியார் ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். பங்கு முழுவதற்கும் தெரியும்.

"அந்த இடத்துக்கு ஆளப் பாத்துட்டியளா?"

"இன்னும் பாக்கல."

"திருவிழா வரைக்கும் ஆளப் பாக்காதிய. நான் வாரேன்."

அவர் போனதும் என் மனைவி சொன்னாள்: "எதை வச்சுட்டுளா வாரேன்னுட்ட? காலாலயா அடிக்கப் போற?"

"தெரியல. சொல்லிட்டேன்லா, இனி தெரியும்."

திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

முதல் பெட்டி என் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கப்பலில் எண்ணெய் போடும் வேலை அவனுக்கு. அக்காள் மகள் பாட்டுக் கேட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று, சுங்கத்தில் காட்டித் தீர்வை கட்டியே எடுத்து வந்தான். கறுப்பு நிறக் கேசட் ரெக்கார்டர், ஒரு பெரிய புத்தகத்தின் அளவு. கேசட்டை வைத்து மூடியை அமுக்கினால் டப்பென்று மூடிக்கொள்ளும். பாட்டரிக் கட்டையில் ஓடும். தோளில் மாட்டிக்கொண்டு எங்கும் போகலாம்.

இரண்டாவது என் அலுவலகத்துப் பழைய ஸ்பூல் ரெக்கார்டர். கப்பல் ஏஜென்டு அலுவலகம் ஒன்றில் நான் குமாஸ்தா. ஒரு காலத்தில் வெள்ளைக்கார மேனேஜர் கடிதங்களைப் பேசிப் பதிவதற்காக வாங்கிய பெட்டி அது. சரக்குக் கிட்டங்கியில் கிடந்ததை, எடுத்துக்கொண்டு போ என்றார்கள். சிமெண்டு மூட்டைபோல் கனம். உள்ளே கண்ணாடி வால்வுகள், கால் மணி நேரம் ஓடினால் மேலே தோசை வார்க்கலாம். மரத்தாலான மேல்மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. இரண்டு சக்கரங்களும், நாடா உரசிப் போகும் வழியும், எல்லாம் திறந்தே கிடக்கும்.

அவள் முதலில் செய்த காரியம் கேசட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்ததுதான். பக்கத்துக் கட்டடம் சங்குக் கிட்டங்கி. கடலில் குளித்து எடுத்த சங்குகளை அங்கே தரம் பிரிப்பார்கள். ஒரு பலகையில் வட்ட ஓட்டை இருக்கும். ஒவ்வொரு சங்காக அதில் விடுவார்கள். ஓட்டையில் நிற்பது விலைக்குப் போகும். நழுவிக் கீழே மரப்பெட்டியில் விழுவது சின்னச் சங்கு. அதை மறுபடி கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள், வளரட்டும் என்று. நின்றால் 'டக்', விழுந்தால் 'டொம்'. இருபது வருஷமாக என் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம். அது இரண்டு சத்தம் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கிருந்து தோணித்துறைக்குப் போனாள். கரையேற்றிய தோணிகளில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அறைந்து இறுக்குவார்கள். கலப்பத்து என்பார்கள். நாலு பேர் சேர்ந்து அடித்தால் மழை தொடங்குவது போல் இருக்கும். அதையும் பிடித்தாள். அவள் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒருவர், "ஏளா, நாங்க அடிக்கதுக்குப் பாட்டு யாரு படிப்பா? நீயா?" என்று கேட்டதும், எல்லாரும் சிரித்ததும் அந்தக் கேசட்டில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் கேசட் பெட்டியால் பயன் தீர்ந்துவிடும். சத்தத்தைப் பிடித்து வரும். அதற்கு மேல் அதை எதுவும் செய்யவிடாது. நாடா உள்ளே, பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளே, மூடிக்குப் பின்னால். வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு 'களக்' பதிந்துவிடும். ஸ்பூல் பெட்டி அப்படி இல்லை. ஒரு வயரால் இரண்டையும் இணைத்துச் சத்தத்தை ஸ்பூலுக்கு மாற்றுவாள். வேகமாக ஓடும்போது பதிந்து மெதுவாக ஓடவிட்டால், பெட்டியில் விழுந்த சின்னச் சங்கு கோவில் மத்தளம் மாதிரி அடிவயிற்றிலிருந்து முழங்கும். பிறகு சவர பிளேடால் நாடாவை வெட்டுவாள். 'டொம்' ஒரு துண்டு. 'டக்' ஒரு துண்டு. கொட்டாப்புளி இரண்டு துண்டு. எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி, முனையோடு முனை சேர்த்தால் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு வளையம் வரும். அதைப் பெட்டியில் மாட்டி, மறுபக்கம் இழுவையாக நிற்க ஒரு பாட்டிலைச் சுற்றி விட்டால், தாளம் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும். பூக்காரி முழம் போடுகிற மாதிரி நாங்கள் தாளத்துக்கு முழம் போட்டோம்.

நாங்கள் என்றேன். ஒரு கையால் நாடாவைப் பிடித்து வெட்ட முடியாது. முதலில் பல்லால் கடித்துப் பிடித்தாள். பிளேடு உதட்டருகே போனதைப் பார்த்து நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்றிலிருந்து நான் பிடிப்பேன், அவள் வெட்டுவாள். ஒட்டுவதற்கு எங்களிடம் இருந்தது அவள் கைக்குக் கட்டுப் போட்டதில் மிச்சமான பிளாஸ்திரி. அதையே மெல்லிய கீற்றாக நறுக்கி ஒட்டினோம்.

விபத்துக்கு முன் அவள் கோவிலில் வாசித்ததை யாரோ பதிந்து கொடுத்த ஸ்பூல் ஒன்று வீட்டில் கிடந்தது. எதற்கு இந்தப் பாடு, அதையே வெட்டி வளையமாக்கிவிட்டால் என்ன என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

பிளேடைக் கீழே வைத்தாள். "அது அந்தக் கை வாசிச்சதுப்பா. இப்ப இருக்க கை என்ன செய்யும்னு பாக்கத்தான் வாரேன்னு சொன்னேன்."

அந்த ஸ்பூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

எனக்குப் பயம் விடவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஸ்பூல் பெட்டியின் பக்கத்தில் அவள் போகும்போதெல்லாம் நானும் எழுந்து போய் நிற்பேன். வால்வு சூடு, பிளேடு, பழைய வயர், கரண்டு. ஒரு கை போனது போதாதா? அதனால் நான் ஓர் ஏற்பாடு சொன்னேன். வளையம் செய்வது வீட்டில், ஸ்பூலில், என் கண் முன்னால். செய்து முடித்த தாளத்தைக் கேசட்டில் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பதிந்துகொள்வோம். ஒத்திகைக்குக் கேசட் பெட்டி மட்டும் போகட்டும். கனமில்லை, சூடில்லை, கரண்டு இல்லை.

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். பாடுதவங்க மூச்சு வாங்குனா நிக்காது. வாத்தியார் இழுத்துப் பாடுனா இழுக்காது. மூடிக்குள்ள நான் எப்பிடிக் கைய விட?" என்றாள்.

"கைய விடவேண்டாம்னுதானே சொல்லுதேன்."

என் குரலில் என்ன இருந்ததோ, சரி என்றுவிட்டாள்.

பங்குப் பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை. முதல் பாட்டு நன்றாகப் போனது. என்ன சத்தம் இது என்று பாடகர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் பாடினார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் தாளம் தளரத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது, கூடவே கனத்தது. பாடுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களும் தளர்ந்தார்கள். கடைசி வரியில் எல்லாருமாகச் சேர்ந்து கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது.

ஆர்மோனியக்காரர் துருத்தியை விட்டார். வாய் சும்மா இருக்காத மனிதர். "ஏளா, இது திருவிழாப் பாட்டா, அடக்கப் பூசையா? அந்தப் பெட்டிக்கு ஒரு சோடா வாங்கிக் குடு" என்றார்.

சிரிப்பு. வாத்தியார் சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு ஆசைதான். ஆனா திருவிழா பாத்துக்கிடு, வெளையாட முடியாது. வேற ஆளுட்ட சொல்லிருதேன்" என்றார்.

அவள் இடது கையால் பெட்டியை நிறுத்தினாள். ஏன் தளர்ந்தது என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

டார்ச் லைட் மங்கினால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். பாட்டரிக் கட்டைகளைக் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்போம். இரண்டு நாள் எரியும். எங்கள் ஊர் வெயிலுக்கு எதையும் தேற்றிவிடும் குணம் உண்டு என்று ஒரு நினைப்பு. உப்பு விளைகிறது, கருவாடு காய்கிறது, கட்டைக்கு உயிர் வராதா? ஒத்திகைக்குப் புதுக் கட்டை போடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காலையில் மாடியில் காய்ந்து சுடச்சுட இருந்ததை எடுத்துப் போட்டேன். இரண்டாவது பாட்டு வரைக்கும்தான் அந்த உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒங்க புத்தியத்தான் வெயில்ல வைக்கணும்."

மகள் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "அப்ப தாளம் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். என் மேல் கோபப்படவாவது செய்திருக்கலாம்.

மறுநாள் காலை அலுவலகம் போகுமுன் வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

"நேத்து கெடுத்தது எம் பிள்ளையில்ல சார். நான். வெயில்ல வச்ச கட்டையப் போட்டேன்."

"எல்லாரும்தான் வைக்கோம் அண்ணாச்சி" என்றார். பிறகு, "அதுக்காக மிஷினப் போயி..." என்று இழுத்தார்.

"ஆர்மோனியம் மட்டும் மாமரத்துலயா காய்ச்சுது? அதுவும் பெட்டிதான். கப்பல்ல வந்த பெட்டிதான். அதுக்கு மொதல்ல எத்தனை பேரு மொறச்சிருப்பான்? சனிக்கிழமை ஒரு தடவ கேளுங்க. அன்னைக்கும் சரியில்லன்னா நானே வேற ஆளக் கூட்டிட்டு வாரேன்."

நான் இப்படிப் பேசுகிறவன் இல்லை. அலுவலகத்தில் சத்தமாகத் தும்மக்கூட யோசிப்பேன். வாத்தியார் என்னையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை ஸ்பூல் பெட்டி போனது. அவள் கேட்கவில்லை, நானே தூக்கினேன். ரிக்‌ஷாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் வால்வு உடைந்ததோ என்று குனிந்து பார்த்தபடி போனேன். வயர், பிளேடு, பிளாஸ்திரி, மூன்று வளையங்கள், எல்லாம் எடுத்தாயிற்று என்று மூன்று முறை சரிபார்த்தேன். ஹாலில் இறக்கிப் பிளக்கைச் செருகிச் சூடேறவிட்ட பிறகுதான் அவள் கேட்டாள்:

"பாட்டில் எங்கப்பா?"

இல்லை. வளையம் சுற்றி ஓடுவதற்கான அந்த ஒரே பாட்டில். மனைவியும் எங்களோடு வந்திருந்தாள். அவள் முகம் மாறியது.

"மேசைல இருந்த பச்சை பாட்டிலா? திருவிழாக் கறிக்கு அதுல வினாகிரிக் காடி ஊத்தில்லா வச்சேன்."

ஆர்மோனியக்காரர் காதில் விழுந்துவிட்டது. "மிஷினும் விருந்துக்கு வந்திருக்கோ?"

நான் ஹாலில் அங்குமிங்கும் ஓடினேன். மை பாட்டில் கிடைத்தது, குட்டை. நாற்காலிக் கால் சொரசொரப்பு; நாடா கிழிந்துவிடும். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபோது மகள் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் தூக்கிப் பெட்டியின் விளிம்புக்கு நேராக நீட்டி, நீண்டு நின்ற இரண்டு விரல்களில் வளையத்தை மாட்டியிருந்தாள்.

"இது அசையாதுல்லா" என்றாள். "யம்மா, பவுடர் வச்சிருக்கியா? வேர்த்தா ஒட்டும்."

என் மனைவி கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து அந்த விரல்களில் தூவினாள். விபத்துக்குப் பிறகு அவள் அந்தக் கையை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. அன்று பார்த்தாள்.

பொத்தானை அமுக்கினாள் மகள். சங்கு விழுந்தது. கொட்டாப்புளி விழுந்தது. நாடா விரல்களைச் சுற்றி வந்து மறுபடி உள்ளே போனது. வாத்தியார் கையசைத்தார், பாடத் தொடங்கினார்கள். முதல் அடி முடிந்து அவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில், இடது கையில் வைத்திருந்த தீக்குச்சியால் நாடாவை மயிரிழை தூக்கினாள். சத்தம் அப்படியே நின்றது. குச்சியை எடுத்தாள். டொம். அடுத்த வரியில் வாத்தியார் வழக்கம்போல் இழுத்தார். அவள் வலது தோளைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கினாள். விரல்களில் நாடா இறுகியது. தாளமும் அவரோடு சேர்ந்து இழுபட்டது. தோளை விட்டாள், ஓடியது. பாட்டிலால் இதைச் செய்ய முடியாது. நாங்கள் இத்தனை நாள் பாட்டிலை வைத்துத் திண்டாடியிருக்கிறோம்.

எது நல்ல பெட்டி என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். கேசட் பெட்டிதான் காதுக்கு நல்லது, காலுக்கும் நல்லது. சங்குக் கிட்டங்கிக்கும் தோணித்துறைக்கும் ஸ்பூலைத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது. ஆனால் அது மூடிக்கொள்ளும். பத்திரமானது என்று நான் நினைத்தது அந்த மூடியைத்தான். இந்தக் கனத்த, சுடுகிற, பயமுறுத்துகிற பெட்டி ஒரு கையை உள்ளே விட்டது. அதுவும் எந்தக் கையை!

பாட்டு முடிந்ததும் வாத்தியார் அருகே வந்து குனிந்து பார்த்தார். மறுபடி ஒரு முறை பாடச் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"திருவிழாவுக்கு வரட்டும். ஒண்ணே ஒண்ணு. பெட்டிய எடுத்துட்டு பிள்ளை கோவில்ல இருக்க திரைக்குப் பின்னால உக்காந்துகிடட்டும். சத்தம் வரும்லா. ஊருலருந்து எல்லாரும் வாராவ. கையப் பாத்து ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாவ. அவளுக்குத்தான் சங்கடம்."

பழைய நானாக இருந்தால் இதையே கேட்டு வாங்கியிருப்பேன். பார்வை படாத இடம், பத்திரமான இடம்.

"ஜன்னலோரத்துல அவள உக்கார வச்சவன் நான் சார்" என்றேன். "அதுக்காகத் திரைக்குப் பின்னால உக்கார வைக்க மாட்டேன். அவ எங்கன இருந்தாளோ அங்கனயேதான். பேசுதவன் பேசட்டும்."

வாத்தியார் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் தபேலா வைக்கும் பழைய பாயை இழுத்து ஆர்மோனியத்தின் பக்கத்தில் விரித்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா அன்று கோவில் முழுவதும் சீரியல் விளக்கு. மின்சாரம் இறங்கிவிடுமோ, பிளாஸ்திரி விட்டுப்போகுமோ, வால்வு போகுமோ என்று நான் தூணோரம் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் "அங்கன பாரு, பாவம் அந்தக் கை" என்றது. என் மனைவி திரும்பினாள்.

"எதுக்குப் பாவம்? நல்லாக் கேளுங்க. அந்தக் கைதான் வாசிக்குது."

நாலாவது பாட்டுக்கு நடுவே ஆர்மோனியக்காரர் மகள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மறுபடி கேலி என்று நினைத்து நான் இரண்டடி முன்னால் போய்விட்டேன். கிட்டப் போனதும் கேட்டது.

"ஏளா, கடைசி அடில கொஞ்சம் இழுத்துப் பிடி. எனக்குத் துருத்தி போட நேரம் பத்தல."

அவள் தலையாட்டிவிட்டுத் தோளைப் பின்னுக்கு வாங்கினாள்.